கருங்கழுத்து அன்னம் கலப்பினமா?

வாசகர் கேள்வி – 3 பிப்ரவரி 2024
தென் அமெரிக்காவில் உடம்பு வெள்ளையாகவும் கழுத்து மட்டும் கருப்பாகவும் ஓர் அன்னம் இருக்கிறதே, அது ஐரோப்பிய வெள்ளை அன்னத்தையும் ஆஸ்திரேலியக் கருப்பு அன்னத்தையும் இணைத்து யாரோ பணக்காரர்கள் தோட்டத்தில் உருவாக்கியதுதானே? படத்தைப் பார்த்தாலே தெரிகிறது. இயற்கையில் நிறம் இப்படிக் கோடு கிழித்தாற்போலப் பிரியாது.

3 பிப்ரவரி 2024, இரவு
இல்லை. தனி இனம். 1782இல் ஹுவான் இக்னாசியோ மொலினா இதை அறிவியல் பெயரிட்டு விவரித்துவிட்டார். அவர் சிலியில் பிறந்த இயேசு சபைத் துறவி. 1767இல் ஸ்பானிய அரசு அந்தச் சபையையே நாடுகடத்தியபோது வெளியேறி, இத்தாலியில் இருந்துகொண்டு தன் நாட்டின் பறவை, விலங்கு, செடிகளைப் பற்றி எழுதினார். ஆஸ்திரேலியக் கருப்பு அன்னத்துக்கு அறிவியல் பெயர் கிடைத்ததே 1790இல்தான். ஆங்கிலேயர் சிட்னியில் குடியேறியது 1788. பெற்றோரில் ஒருவர் ஊரை விட்டுக் கிளம்புவதற்கு முன்பே பிள்ளை சிலியில் நீந்திக்கொண்டிருந்தது என்று சொல்ல வருகிறீர்களா?

கோடு கிழித்தாற்போல நிறம் பிரியாது என்பவர், கருப்பும் வெள்ளையுமாக உடம்பு பிரிந்திருக்கும் மலேசியத் தபீர் என்ற விலங்கை ஒருமுறை பார்த்துவிட்டு வரட்டும்.

4 பிப்ரவரி 2024
இரவில் எழுதியது சற்று அவசரம். கேள்வியில் பாதி உண்மை ஒளிந்திருக்கிறது, அதை விட்டுவிட்டேன். நீங்கள் பெற்றோர் என்று நினைத்த இரண்டும் பெற்றோர் அல்ல, நெருங்கிய உறவினர்கள். உலகில் சிக்னஸ் பேரினத்தில் ஆறு அன்னங்களை வைத்துப் பேசுவார்கள். அவற்றில் வட துருவத்தை ஒட்டிய பகுதிகளில் கூடு கட்டி, கழுத்தை நேராக நிமிர்த்தி, உரத்த குரலில் கத்துபவை ஒரு கூட்டம். ஊமை அன்னம் (நீங்கள் சொன்ன ஐரோப்பிய வெள்ளை அன்னம்), கருப்பு அன்னம், கருங்கழுத்து அன்னம் மூன்றும் இன்னொரு பக்கம். ஊமை அன்னத்தின் அலகடியில் கருப்பு முண்டு, கருங்கழுத்து அன்னத்துக்குச் சிவப்பு முண்டு. குஞ்சுகளை முதுகில் ஏற்றிச் செல்லும் பழக்கமும் இந்தப் பக்கத்தில்தான் அதிகம்.

ஊமை அன்னமும் கருப்பு அன்னமும் வளர்ப்புக் குளங்களில் இணைவது உண்டு. பிறக்கும் குஞ்சுகள் திட்டுத்திட்டாக, அழுக்குச் சாம்பலாக இருக்கும். கழுத்து மட்டும் கருப்பாக வராது.

4 பிப்ரவரி 2024
அளவு கேட்டவருக்கு: மேற்சொன்ன ஆறில் இதுதான் சிறியது. ஆண் 5 கிலோவைத் தாண்டும், பெண் 4 கிலோவை ஒட்டி. ஊமை அன்னத்தின் ஆண் 10 கிலோவுக்கு மேல் போகும். இருந்தும் தென் அமெரிக்காவின் சொந்த நீர்ப்பறவைகளில், வாத்து வகையறாவில், இதைவிடப் பெரியது வேறில்லை.

9 பிப்ரவரி 2024
நேரில் பார்த்தீர்களா என்று ஒருவர் குத்தலாகக் கேட்டிருக்கிறார். பார்த்திருக்கிறேன். சிலியின் தெற்கில் வேலை நிமித்தம் தங்கியிருந்த காலத்தில், வால்டிவியா நகரின் ஆற்றங்கரையிலிருந்து புறப்படும் படகில் குருசெஸ் ஆற்றுக்குள் போயிருக்கிறேன். சுற்றுலாப் படகு, வழியில் புனுகாபா என்ற சிற்றூரில் நிறுத்தி ஆப்பிள் மது விற்பார்கள். பயணிகளில் பாதிப் பேருக்கு அன்னம் இரண்டாம்பட்சம்.

படங்களில் தெரியாத விஷயங்கள் மூன்று நான்கு இருக்கின்றன. முதலில் கண். கண்ணிலிருந்து பின்னோக்கி ஒரு மெல்லிய வெள்ளைக் கோடு ஓடுகிறது. அது இல்லையென்றால் கருப்புத் தலையில் கண் எங்கே என்றே தெரியாது. அடுத்து குரல். அன்னம் என்றால் கம்பீரமாக முழங்கும் என்று எதிர்பார்த்துப் போனவனுக்கு, சளி பிடித்த குழந்தை ஊதலை ஊதுவது போன்ற மெலிந்த சீழ்க்கைதான் கிடைத்தது. சாகும்போது பாடும் என்று ஐரோப்பியர் கட்டிய கதை இந்த அன்னத்தைக் கேட்டுப் பிறந்திருக்க வாய்ப்பே இல்லை. பறக்கும்போதும் ஊமை அன்னத்தின் சிறகு எழுப்பும் அந்த ரீங்காரம் இதற்குக் கிடையாது.

மூன்றாவது, நடை. கால்கள் உடம்பின் பின்கோடியில் பொருத்தப்பட்டிருக்கின்றன. தண்ணீரில் துடுப்பாக வேலை செய்கிற அதே அமைப்பு தரையில் எதற்கும் உதவாமல் போகிறது. கரையேறிய ஒன்று நான்கு எட்டு வைப்பதற்குள் மார்பு முன்னே சாய்ந்து உட்கார்ந்துவிட்டது. கூட இருந்த படகோட்டி சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை, எனக்கும் முட்டிவலி உண்டு.

10 பிப்ரவரி 2024
முதுகில் குஞ்சு பற்றி நான்கு பேர் கேட்டிருப்பதால் சேர்த்தே சொல்கிறேன்.

தாயும் தந்தையும் இருவருமே சுமக்கிறார்கள். குஞ்சு பொரிந்த சில நாளிலேயே ஏறிவிடும். வாலருகே நீரிலிருந்து தொற்றி ஏறி, சிறகுகளுக்கு நடுவே புகுந்துகொள்ளும். குஞ்சின் தூவி வெள்ளை. பெற்றோரின் முதுகும் வெள்ளை. பைனாகுலரில் பார்த்தாலும் குஞ்சு எங்கே முடிகிறது, சிறகு எங்கே தொடங்குகிறது என்று சொல்வது கடினம். நான் வெறும் முதுகு என்று நினைத்த ஒன்றிலிருந்து மூன்று தலைகள் முளைத்தன.

ஏன் சுமக்கின்றன? "தாய்ப்பாசம்" என்று எழுதியவர் அதோடு நிறுத்திக்கொண்டால் ஆராய்ச்சியாளர்களுக்கு வேலையில்லை. தெற்கே நீர் குளிர்ந்தது. சிறு உடம்பு நீரில் கிடந்தால் சூடு சீக்கிரம் போய்விடும். மேலே இரைகொல்லிப் பறவைகள் சுற்றுகின்றன. கரையில், வெளியிலிருந்து வந்து பெருகிவிட்ட அமெரிக்க மிங்க் என்ற கீரி போன்ற விலங்கு இருக்கிறது. இவை எல்லாம் காரணமாக இருக்கலாம். எனக்குப் பிடித்த விளக்கம் வேறு: இந்த இனம் நிலத்தில் ஏறி இளைப்பாற முடியாது. மற்ற வாத்துகளின் குஞ்சுகள் கரையில் தாயின் அடியில் ஒண்டிச் சூடேறும். இங்கே கரை என்பதே தாயின் முதுகுதான். இது என் எண்ணம், நிரூபணம் அல்ல.

அடைகாப்பது பெண் மட்டும். ஐந்து வாரத்தை ஒட்டி உட்கார்ந்திருக்கும். ஆண் காவல். அந்த நாட்களில் பெண் சரியாக மேய்வதில்லை, மெலிந்துவிடும். பிறகு ஆணும் குஞ்சுகளை ஏற்றிக்கொண்டு திரிந்தால் பெண்ணுக்குத் தின்ன நேரம் கிடைக்கும். இதைப் "பொறுப்புள்ள தந்தை" என்று வாழ்த்து அட்டை ஆக்க வேண்டாம். அதே தந்தை பக்கத்துக் கூட்டுக்காரரைக் கழுத்தைப் பிடித்து இழுத்து விரட்டுவதையும் பார்த்திருக்கிறேன்.

17 பிப்ரவரி 2024
இந்த வாரம் சோறு பற்றி. இதைச் சொல்லாமல் மற்றதெல்லாம் வெறும் அலங்காரம்.

கருங்கழுத்து அன்னம் ஏறக்குறைய முழுச் சைவம். நீருக்கடியில் வேரூன்றி நீருக்குள்ளேயே வளரும் செடிகள்தான் உணவு. கழுத்தை நுழைத்து எட்டும், எட்டாவிட்டால் வாலை மேலே தூக்கிக் குப்புறக் கவிழ்ந்து இன்னும் கொஞ்சம் எட்டும். அதற்குக் கீழே முடியாது, முக்குளிக்கத் தெரியாது. நீர் ஆழமாகிவிட்டால் செடி இருந்தும் பட்டினி. நீர் கலங்கி வெளிச்சம் கீழே போகாவிட்டால் செடியே இல்லை. இலைதழைதான் சோறு என்பதால் கிடைக்கும் சத்தும் குறைவு. நாளின் பெரும்பகுதியை மேய்ச்சலில் கழித்தாக வேண்டும். ஆக இந்தப் பறவை வாழும் இடம் ஏரி, ஆறு என்பதெல்லாம் மேலோட்டமான பேச்சு. அது வாழ்வது வெளிச்சம் எட்டுகிற, கழுத்து எட்டுகிற ஒரு மெல்லிய அடுக்கில்.

குருசெஸ் ஆற்றில் அந்த அடுக்கு முழுக்க எஜீரியா என்ற செடி. மீன் தொட்டி வைத்திருப்பவர்களுக்கு இதைத் தெரியும், கடைகளில் கட்டுக்கட்டாக விற்பார்கள். உள்ளூரில் லுச்சேசியோ என்கிறார்கள். ஆற்றிலும் கடலின் ஏற்றவற்றம் தெரியும். வற்றும் நேரத்தில் செடியின் நுனிகள் மேலே படரும், அன்னங்கள் குனிந்த தலை நிமிராமல் மேயும். 2004க்கு முன்பு அங்கே ஆயிரக்கணக்கில் இருந்தன. அந்த ஆண்டின் தொடக்கத்தில் ஆற்றின் மேல்பகுதியில், சான் ஹோசே தெ லா மரிக்கினா அருகே, அராவுகோ நிறுவனத்தின் காகிதக்கூழ் ஆலை இயங்கத் தொடங்கியது. ஆண்டு முடிவதற்குள் செடி பழுப்பேறிச் செத்துப் பரப்புப் பரப்பாக மறைந்தது. அன்னங்கள் எலும்பும் தோலுமாகச் செத்தன. பறக்க முயன்று வலுவின்றி ஊருக்குள் விழுந்தவையும் உண்டு. மிச்சம் வேறு நீர்நிலைகளுக்குப் போய்விட்டன.

வால்டிவியாவில் இருக்கும் ஆஸ்திரல் பல்கலைக்கழகம் 2005இல் அறிக்கை கொடுத்தது. செடிகளின் மேல் இரும்பு முதலிய உலோகங்கள் படிந்திருந்தன, செத்த பறவைகளின் ஈரலிலும் இரும்பு மிகுந்திருந்தது. நகர மக்கள் தெருவுக்கு வந்தார்கள். வழக்கு இழுத்தது. 2013இல் வால்டிவியா உரிமையியல் நீதிமன்றம் நிறுவனத்தைச் சூழல் சேதத்துக்குப் பொறுப்பாக்கித் தீர்ப்பளித்தது. ஈரநில ஆய்வு மையம் ஒன்று அந்தத் தீர்ப்பின் பயனாகத்தான் வந்தது.

18 பிப்ரவரி 2024
"ஆலைதான் காரணம் என்று எல்லா விஞ்ஞானிகளும் ஒப்புக்கொள்ளவில்லையே" – ஆமாம், ஒப்புக்கொள்ளவில்லை. நீர் தாழ்ந்த நேரத்தில் செடி வெளியே தெரிந்து உறைபனியில் கருகியிருக்கலாம் என்று எழுதியவர்கள் உண்டு. படித்தேன். எனக்கு அது போதவில்லை. செடி ஏன் செத்தது என்பதற்கு அது ஒரு விடை. ஈரலில் ஏறிய இரும்புக்கும், ஆற்று நீரின் நிறத்துக்கும், அது நடந்த ஆண்டுக்கும் சேர்த்து ஒரு விடை சொல்லவேண்டும் அல்லவா? நீதிமன்றம் எடுத்த முடிவோடுதான் நான் நிற்கிறேன். செடி செத்ததும் பறவை போனது என்பதில் மட்டும் இரு தரப்புக்கும் சண்டை இல்லை.

18 பிப்ரவரி 2024, மாலை
"குருசெஸ் இயற்கை ஈரநிலமே இல்லை, 1960 நிலநடுக்கத்தில் உண்டான குட்டை. செடியும் வெளியிலிருந்து வந்தது. பிறகென்ன சரணாலயம்?" என்று ஒருவர். தகவல் இரண்டும் சரி. 1960 மே 22 அன்று வால்டிவியாவில் நடந்தது ரிக்டர் கணக்கெல்லாம் தாண்டி 9.5 என்று மதிப்பிடப்பட்ட நடுக்கம். கருவிகள் பதிந்தவற்றில் இதற்கு மேல் இன்றுவரை இல்லை. ஆற்றோர நிலம் 2 மீட்டர் வரை தாழ்ந்தது, விளைநிலமும் மேய்ச்சல் நிலமும் நீருக்குள் போயின. அங்கே எஜீரியா படர்ந்தது, அன்னங்கள் வந்தன. 1981இல் சிலியின் முதல் ராம்சார் தளமாக, அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலமாக, அறிவித்தார்கள். இருபத்தொரு வயதுக் குட்டைக்கு உலகத் தகுதி.

சரணாலயத்தின் பெயரே வேடிக்கை. கார்லோஸ் அன்வாண்டர் என்பவர் 1850இல் ஜெர்மனியிலிருந்து குடியேறி வால்டிவியாவில் பீர் ஆலை வைத்தவர். அதே 1960 நடுக்கம் அந்த ஆலையை இடித்தது. ஆலையை விழுங்கிய நடுக்கம் உண்டாக்கிய நீர்ப்பரப்புக்கு ஆலைக்காரரின் பெயர்.

ஆனால் முடிவுக்கு எப்படித் தாவினீர்கள் என்பது புரியவில்லை. அன்னம் செடிக்கு வயதுச் சான்றிதழ் கேட்பதில்லை. கண்டத்தின் தெற்கு முழுவதும் இந்தப் பறவை வாழ்ந்த விதமே இப்படித்தான்: ஓரிடம் வற்றும், இன்னோரிடம் நிரம்பும், கூட்டம் இடம் மாறும். குருசெஸில் எண்ணிக்கை எல் நினோ, லா நினா ஆண்டுகளோடு ஏறி இறங்கியதை பறவையியலாளர் ராபர்ட்டோ ஷ்லாட்டரும் உடன் உழைத்தவர்களும் காட்டியிருக்கிறார்கள். மற்ற ஏரிகள் வறண்ட ஆண்டுகளில் இந்த ஆறு அடைக்கலம். அடைக்கலம் புதியதா பழையதா என்பதை விட, அன்று அது திறந்திருந்ததா என்பதுதான் கேள்வி.

19 பிப்ரவரி 2024
"பறந்துதானே போயின, சாகவில்லையே" என்பவருக்கு ஒரு வரி. இறகு உதிர்க்கும் காலத்தில் சில வாரங்கள் இவை பறக்கவே முடியாது. குஞ்சுகளுக்குப் பறக்க மூன்று மாதத்துக்கு மேல் ஆகும். பெரியவையும் நீரில் நீண்ட தூரம் ஓடித்தான் எழும்பும், அதற்கு வயிற்றில் ஏதாவது இருக்கவேண்டும்.

25 பிப்ரவரி 2024
கோஸ்கொரோபா என்ற அன்னம் போன்ற பறவையை யாராவது இழுப்பார்கள் என்று எதிர்பார்த்தேன். இழுத்துவிட்டார்கள்.

அதுவும் தென் அமெரிக்காதான், அதையும் மொலினா அதே 1782இல் விவரித்தார். கருங்கழுத்து அன்னத்தை விடச் சிறியது. முழு வெள்ளை, இறக்கை நுனி மட்டும் கருப்பு, சிவந்த அலகு. நீந்தும்போது பெரிய வீட்டு வாத்து ஒன்று தப்பித்து வந்துவிட்டதோ என்று தோன்றும். பெயரையே உரக்கக் கத்தும். மற்ற அன்னங்களுக்கு அலகுக்கும் கண்ணுக்கும் நடுவே தோல் இறகின்றி இருக்கும், இதற்கு இறகு மூடியிருக்கிறது. குஞ்சுகளின் தூவியில் கருந்திட்டுகள் உண்டு. அன்னமா, வாத்தா, தாராவா என்று நூற்றாண்டுகளாகக் குழப்பம். மரபணு ஆய்வுகள் ஆஸ்திரேலியாவின் கேப் பேரன் வாத்தோடு அதைப் பக்கத்தில் உட்கார வைத்திருக்கின்றன. கடலுக்கு அந்தப்பக்கம் உறவினர்.

குருசெஸில் இரண்டையும் ஒன்றாகப் பார்க்கலாம், ஆனால் கோஸ்கொரோபா சில. கால் சற்று நீளம், கரையில் நன்றாக நடக்கும், கரையோரச் சேற்றிலும் மேயும். 2004க்குப் பிறகு நான் யோசித்தது இதைத்தான்: நடக்கத் தெரிந்தவனுக்கு இன்னொரு சமையலறை இருக்கிறது. கருங்கழுத்துக்கு அது இல்லை.

2 மார்ச் 2024
செடி திரும்பியது. 2010ஐ அடுத்த ஆண்டுகளில் எஜீரியா மீண்டும் படர்ந்தது, அன்னங்களும் மெல்ல வந்தன, கூடு கட்டின. நான் பார்த்தது இந்த இரண்டாவது கூட்டத்தைத்தான். கதையை அங்கே முடித்துக்கொள்ள ஆசைதான். புதுத் தலைவலிகள் இரண்டு வந்துவிட்டன.

ஒன்று கடற்சிங்கம். வால்டிவியா மீன் சந்தைக்குப் போனவர்களுக்குத் தெரியும். சந்தையின் பின்புறம் ஆற்றுப் படிகளில் தடித்த ஆண் கடற்சிங்கங்கள் சோம்பிக் கிடக்கும், மீன்காரர்கள் வீசும் தலையையும் குடலையும் வாங்கித் தின்னும். பயணிகள் படமெடுப்பார்கள், நானும் எடுத்தேன். அண்மை ஆண்டுகளில் இவற்றில் சில சரணாலயத்துக்குள் ஏறிப்போய் அன்னங்களைப் பிடித்துக் கொல்கின்றன. கடலிலிருந்து எத்தனையோ கிலோமீட்டர் உள்ளே, கீழிருந்து வரும் இரைகொல்லிக்கு இந்தப் பறவை எந்தவிதத்திலும் தயாராக இல்லை. தலை நீருக்குள், வால் மேலே. கடற்சிங்கமும் சட்டப் பாதுகாப்புள்ள விலங்கு என்பதால் வனத்துறையினர் கையைப் பிசைகிறார்கள்.

இரண்டு, பறவைக் காய்ச்சல். 2023 பிப்ரவரியில் உருகுவே நாடு முதன்முதலில் எச்5என்1 வந்ததை அறிந்தது லகுனா கர்சோனில் செத்துக்கிடந்த கருங்கழுத்து அன்னங்களால். மே மாதம் பிரேசிலின் தெற்குக் கோடியில் தாயிம் சரணாலயத்தில் அதே பறவை. அதே ஆண்டில் குருசெஸிலும் மடிந்தன. மூன்று நாடுகளில் அந்த நோய்க்குப் பலியான பறவைகளில் ஒன்று இதுவானது. கூட்டமாக, ஒரே நீரில், நாள் முழுக்கத் தலையை நனைத்து மேயும் உயிருக்கு அந்த வைரஸ் பரவ வேறென்ன வசதி வேண்டும்?

"அழியும் இனமா?" – இல்லை. உலகப் பட்டியலில் கவலைக்குரிய நிலையில் வைக்கவில்லை. பிரேசிலின் தெற்கிலிருந்து தியெர்ரா தெல் ஃபுவேகோ வரை, ஃபாக்லாந்து தீவுகளிலும் பரந்திருக்கிறது. நான் பேசுவது இனம் அழிவதைப் பற்றி அல்ல, ஓர் ஆற்றை ஒரே ஆண்டில் காலி செய்ய முடியும் என்பதைப் பற்றி.

3 மார்ச் 2024
கடற்சிங்கத்துக்கு மீன் கழிவு போடுவதைச் சந்தையில் நிறுத்தினால் அன்னம் தப்பிக்கும் என்று எழுதியிருக்கிறார் ஒருவர். எனக்கு உறுதியில்லை. இலவசச் சோறு நின்றால் அவை கடலுக்குத் திரும்புமா, இல்லை இன்னும் மேலே ஏறிப்போய்க் கூடுதலாக வேட்டையாடுமா? இதில் அவசரப்பட்டு யோசனை சொல்பவர்கள் பெரும்பாலும் சந்தைக்கு வெளியே இருப்பவர்கள், என்னையும் சேர்த்து.

16 மார்ச் 2024
படம் அனுப்பி ஆணா பெண்ணா என்று கேட்டவருக்கு: தனியாக நிற்கும் ஒன்றை வைத்துச் சொல்ல இயலாது. இரண்டுக்கும் ஒரே நிறம். ஜோடியாக இருந்தால் பெரியது ஆண், முண்டும் அதற்கே சற்றுப் பெரிதாக இருக்கும். உங்கள் படத்தில் இருப்பதற்கு முண்டே இல்லை, கழுத்துக் கருப்பிலும் பழுப்பு தட்டுகிறது, அது இளம்பறவை. முழு முண்டு வர மூன்று நான்கு ஆண்டு ஆகும்.

போக விரும்புபவர்களுக்கு: படகு ஒத்துக்கொள்ளாதென்றால் சிலியில் புவெர்த்தோ நத்தாலெஸ் நகரின் கடற்கரைச் சாலையில் நின்றாலே நீரில் தெரியும், அர்ஜென்டினாவில் எல் கலஃபாத்தே ஊரை ஒட்டிய நிமெஸ் குளத்தில் ஃபிளமிங்கோக்களோடு பார்க்கலாம். குஞ்சு பார்க்க வேண்டுமென்றால் நம் ஐப்பசி, கார்த்திகை. அது அங்கே வசந்தம். காற்று பலமாக அடிக்கும், தொப்பி நிற்காது, கட்டிக்கொள்ள ஒரு துண்டு எடுத்துப் போங்கள்.